நடைபழகும் குழந்தைகளை வெளியே விளையாட விடுவது: வீட்டுக் காப்பகத்தில் ஒரே ஆளால் முடியுமா?

மார்ச் 3, கேள்வி

அக்கா, வீட்டிலேயே ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மூத்தவனுக்கு மூன்று முடியப்போகிறது, கடைக்குட்டிக்கு ஒன்றரை. பின்பக்கம் சின்னத் தோட்டம், ஒரு ஊஞ்சல், ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம் இருக்கிறது. ஆனால் பின்கதவைத் திறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒன்று கிழக்கே ஓடினால் இன்னொன்று மேற்கே ஓடுகிறது. மூன்றாவது வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருக்கிறது. உள்ளேயே பாய் விரித்து, பொம்மையைக் கொட்டி விளையாட விட்டால் என்ன குறைந்துவிடும்? இந்த வயதுக் குழந்தைகளை வெளியே விடுவது வம்பை விலைக்கு வாங்குவது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 3, இரவு

குறையும். நிறையவே குறையும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயது தாண்டிய குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாகத் தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ கட்டி உட்கார வைக்கக் கூடாது என்கிறது அது. மூன்று மணி நேர ஓட்டத்தை ஒரு ஹாலுக்குள் அடக்கிப் பாருங்கள். சோபா முனை, மேஜை விளிம்பு, கதவிடுக்கு. என்னிடம் வளர்ந்த பிள்ளைகளுக்கு விரல் நசுங்கியது, நெற்றி புடைத்தது எல்லாம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான்.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்து பேரில் எத்தனை பேர் இரண்டு வயதுக்குக் கீழே? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து காப்பகங்களுக்கு ஒரு தரநிலை வைத்திருக்கின்றன. வீட்டில் தனியாளாக நடத்துபவருக்கு அது போடும் கணக்கு இது: எல்லாரும் இரண்டு தாண்டியவர்கள் என்றால் ஆறு பேர் வரை பார்க்கலாம். இரண்டுக்குக் கீழே ஒருவர் இருந்தால், இரண்டு தாண்டியவர்கள் மூன்று பேருக்கு மேல் கூடாது. இரண்டுக்குக் கீழே இரண்டு பேர் என்றால் வேறு யாருமே கூடாது. உங்கள் உரிமத்தில் என்ன எண்ணிக்கை எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். ஆனாலும் இந்தக் கணக்கின் காரணம் எங்கேயும் ஒன்றுதான். தீப்பிடித்தால் தானாக நடந்து வெளியேறத் தெரியாத குழந்தையை நீங்கள் தூக்கித்தான் ஆக வேண்டும். உங்களுக்குக் கை இரண்டு.

ஒன்றரை வயதுக் கடைக்குட்டியோடு இன்னும் நான்கு பேர் என்றால், இந்தக் கணக்குப்படி நீங்கள் ஏற்கெனவே குறைந்தது ஒரு குழந்தை அதிகமாக வைத்திருக்கிறீர்கள். வெளியே போகும் நேரத்துக்காவது இன்னொரு பெரியவர் வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மார்ச் 4, காலை

"மற்றது" என்று நிறுத்தியது இதுதான். குழந்தைகள் வருவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போய் முட்டி போடுங்கள். முட்டி போட்டபடியே ஒரு சுற்று வாருங்கள். நான் தினமும் காலையில் இதைச் செய்கிறேன்.

நின்ற உயரத்தில் கண்ணுக்குப் படாதவை அப்போது தெரியும். பெஞ்சின் அடிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஆணி. ராத்திரி பெய்த மழையில் முளைத்த காளான். குழாயடியில் தேங்கிய நீர். பக்கத்து வீட்டுக்காரர் எறிந்த சிகரெட் துண்டு. பூனை போட்டுவிட்டுப் போனது. குளவி கூடு கட்ட ஆரம்பித்திருக்கும் இடம் பெரும்பாலும் சறுக்குமரத்தின் அடியில்தான், ஏனென்றால் அங்கே மழை படாது.

வேலியைக் கையால் தள்ளிப் பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். விளையாட்டுச் சாதனங்களில் 9 செ.மீ.க்கு மேல் 23 செ.மீ.க்குக் கீழ் உள்ள எந்தத் திறப்பும் ஆகாது என்பது விதி. காரணத்தைத் தெரிந்துகொண்டால் எண் மறக்காது: இந்த வயதில் உடம்பைவிடத் தலை பெரிது. காலை முன்னால் விட்டு நுழைந்தால் உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். கால் தரையைத் தொடாமல் தொங்கினால் கழுத்து இறுகிவிடும். படிக்கட்டுக் கைப்பிடி, மாடிக் கம்பி, பழைய மர ஏணியின் படி இடைவெளி எல்லாவற்றுக்கும் இதே கண்ணோடு பாருங்கள்.

மார்ச் 4, மதியம்

பிள்ளைகள் தூங்குகிறார்கள். தண்ணீரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், காலையில் "தேங்கிய நீர்" என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டேன்.

5 செ.மீ. தண்ணீர் போதும். நடைபழகும் குழந்தை வாளிக்குள் எட்டிப் பார்க்கிறது, தலை பாரத்தில் கவிழ்கிறது. கையை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் பலம் அதற்குக் கிடையாது. கால் மேலே இருப்பதால் வாளியும் சாயாது. சத்தம் வரவே வராது. நாம் நினைக்கிற கூச்சல், கையடிப்பு எதுவும் இருக்காது. அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் இறப்பதற்கு முதல் காரணம் நீரில் மூழ்குவதுதான். அதில் நீச்சல் குளம் மட்டும் இல்லை.

அதனால் என் வீட்டில் வாளி என்றால் கவிழ்த்து வைத்த வாளிதான். பூவாளியும் அப்படித்தான். நாய்க்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம் விளையாட்டு நேரத்தில் உள்ளே போய்விடும். தொட்டி, கிணறு, சம்பு எதுவாக இருந்தாலும் மூடி போட்டு, மூடிக்குப் பூட்டு. மூடியின் மேல் கல்லை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மூன்று வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் கல்லை உருட்டிவிடுவார்கள், அதுவும் மிகுந்த சந்தோஷத்தோடு. நீச்சல் குளம் உள்ள வீடு என்றால் நான்கு பக்கமும் குறைந்தது 4 அடி உயர வேலி, தானாகவே மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு. வீட்டுச் சுவரையே நான்காவது பக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் வீட்டுக் கதவு திறந்தால் நேரே குளம்தான்.

காற்றடிக்கும் சின்ன டப்பில் தண்ணீர் விளையாட்டு வைக்கலாமா? வைக்கலாம், கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால். முடிந்த அந்த நிமிடமே தண்ணீரைக் கொட்டி, டப்பைக் கவிழ்த்துவிட்டுத்தான் துண்டை எடுக்க வேண்டும். துவட்டிவிட்டு வந்து கொட்டிக்கொள்ளலாம் என்று விடுகிற அந்த இடைவெளியில்தான் விபரீதம் நடக்கும்.

மார்ச் 5

கீழே கருத்து எழுதிய ஒருவர், "இவ்வளவு எதற்கு, கண்ணெடுக்காமல் பார்த்தாலே போதும்" என்கிறார். ஐந்து குழந்தைகளைக் கண்ணெடுக்காமல் பார்க்க யாராலும் முடியாது. ஒருத்தியின் மூக்கைத் துடைக்கக் குனிந்தாலே நாலு பேர் பார்வையிலிருந்து போய்விட்டார்கள். அதனால்தான் காலையிலேயே முட்டி போட்டுத் தேடுகிறேன். நான் குனியும் அந்த இரண்டு விநாடியில் தோட்டத்தில் உயிருக்கு ஆபத்தானது எதுவும் இருக்கக் கூடாது.

பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதுகைச் சுவருக்கோ வேலிக்கோ கொடுத்து நில்லுங்கள், யாரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. நடுவில் நின்றால் பாதிப் பேர் எப்போதும் பின்னால்தான். ஒரு குழந்தையிடம் போக வேண்டுமென்றால் அதன் மறுபக்கம் சுற்றிப் போய், மற்றவர்களைப் பார்த்தபடி குனியுங்கள். ஷூ நாடா கட்டும்போதுகூட இப்படித்தான். பழகிவிட்டால் உடம்பே தானாகத் திரும்பும்.

எண்ணிக்கை வேறு. "ஐந்து" என்று தலையை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். முகத்தைப் பார்த்து, பெயரை மனதுக்குள் சொல்லி எண்ண வேண்டும். நம் பிள்ளைகளில் ஒருவர் காணாமல் போய், பக்கத்து வீட்டுக் குழந்தை வேலியோரம் வந்து நின்றாலும் தலை எண்ணிக்கை சரியாக வந்துவிடும் இல்லையா.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

இரண்டாவது ஆள் வந்ததும் ஒரு விஷயம் கவனியுங்கள். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து நின்று பேசினால், தனியாக நிற்கும் ஒருவர் பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் பார்க்கிறார்கள். "அவங்க பார்த்துப்பாங்க" என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். யார் எந்தப் பக்கம் என்று வெளியே வரும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். "ஊஞ்சல் என்னுது, மணல் உன்னுது."

அடுத்தது போன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டும் என்பதால் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், கையில் வேண்டாம். புகைப்படம் கேட்கும் பெற்றோர்களிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன்: வெளியே இருக்கும்போது எடுக்க மாட்டேன்.

மார்ச் 6

ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

சறுக்குமரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். பாசத்தோடுதான் எல்லாரும் செய்கிறார்கள், தாத்தா பாட்டிகள்தான் அதிகம். என்ன நடக்கும் என்றால், குழந்தையின் ரப்பர் ஷூ சறுக்குமரத்தின் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். தனியாக வந்திருந்தால் குழந்தை அங்கேயே நின்றுவிடும், லேசாகத் திரும்பும், அவ்வளவுதான். பின்னால் ஒரு பெரியவரின் எடை தள்ளிக்கொண்டு வரும்போது கால் மட்டும் அங்கே நிற்க, உடம்பு கீழே போகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுகி உடைகிறது. 2017-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் மாநாட்டில் இதைத் தனி ஆய்வாகவே முன்வைத்தார்கள். அடிபட்டவர்களில் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருப்பவர்கள்தான் அதிகம். தானாக ஏறிச் சறுக்கத் தெரியாத குழந்தைக்குச் சறுக்குமரம் இன்னும் சீக்கிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எல்லாவற்றுக்குமே நான் விதியாக வைத்திருக்கிறேன். தானாக ஏற முடியாத எதன் மேலும் குழந்தையைத் தூக்கி வைக்க மாட்டேன். தானாக ஏறிய இடத்திலிருந்து இறங்கும் வழியும் பெரும்பாலும் அதற்கே தெரிந்திருக்கும். நாம் தூக்கி வைத்த இடத்திலிருந்து தெரியாது.

ஊஞ்சல்: இந்த வயதுக்கு நான்கு பக்கமும் அடைத்த தொட்டி ஊஞ்சல்தான் சரி. அதில் உட்கார்ந்திருப்பவரைவிட, முன்னால் நடந்து போகிறவருக்குத்தான் ஆபத்து. ஆடுகிற ஊஞ்சல் எவ்வளவு தூரம் வரும் என்று இரண்டு வயதுக் குழந்தைக்குக் கணிக்கத் தெரியாது. ஒருவர் ஊஞ்சலில் என்றால் ஒரு பெரியவர் ஊஞ்சலோடு. தனியாக இருக்கும் நாளில் கொக்கியோடு கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். கயிற்றைச் சுருட்டி மேலே போட்டு வைக்காதீர்கள், தொங்கும் வளையத்தில் கழுத்து மாட்டும்.

தரை. புல்தரை மெத்தென்றிருக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் புல்லும் மண்ணும் விழுகிற தலையைத் தாங்காது. மரச்சீவல் என்றால் அமுங்கிய பிறகும் 23 செ.மீ. ஆழம் நிற்க வேண்டும், சுற்றிலும் 6 அடி காலியாக இருக்க வேண்டும். காலால் தள்ளித் தள்ளிச் சறுக்குமரத்தின் கீழ்முனையில் குழி விழுந்துவிடும். வாரம் ஒருமுறை வாரியால் இழுத்துச் சமப்படுத்துங்கள். இவ்வளவுக்கு வசதியில்லை என்றால் உயரமான சாதனமே வேண்டாம். கவிழ்த்துப் போட்ட தடித்த மரக்கட்டை ஒன்று போதும், நாள் முழுக்க ஏறி இறங்குவார்கள்.

டிராம்போலின் பற்றி ஒருவர் கேட்டார். வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

மார்ச் 7

உடை. தலைத்துணி வைத்த மேல்சட்டையில் கழுத்துக் கயிறு இருந்தால் உருவிவிடுங்கள். சறுக்குமரத்தின் உச்சியில் ஏதாவது இடுக்கில் அந்தக் கயிறு சிக்கி, குழந்தை கீழே வழுக்கிப் போய்க் கழுத்து இறுகிய சாவுகள் நடந்திருக்கின்றன. அதன் பிறகுதான் அமெரிக்காவில் 1996-ல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் குழந்தைகளின் மேலாடையில் கழுத்துக் கயிறு வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஐரோப்பியத் தரநிலையிலும் ஏழு வயதுக்குட்பட்டவர்களின் உடையில் கழுத்துக் கயிறு கூடாது. கழுத்துச் சங்கிலி, சூப்பானைக் கட்டிய நாடா, நீளமான துப்பட்டா எல்லாமே கழற்றிவிட்டுத்தான் வெளியே.

ஹெல்மெட் மூன்று சக்கர சைக்கிளுக்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டே ஏணியில் ஏற விடாதீர்கள். உடம்பு போகும் திறப்பில் ஹெல்மெட் போகாது, தாடைப் பட்டை கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். 4-ஆம் தேதி காலையில் எழுதிய அந்த 9 முதல் 23 செ.மீ. கதையேதான்.

மார்ச் 9

"வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருக்கிறது." இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

மண்ணைத் தின்றால் துடைத்துவிட்டுத் தண்ணீர் கொடுங்கள், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் ஒருத்தி இருந்தாள், நத்தையைக் கண்டால் குந்தி உட்கார்ந்துவிடுவாள். கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, அது கொம்பை நீட்டும்வரை மூச்சு விடாமல் காத்திருப்பாள். நீட்டியதும் தன் கையிலிருந்த பிஸ்கட்டை அதற்கு ஊட்டுவாள். அது தின்னவில்லை என்றால் அதே பிஸ்கட் அவள் வாய்க்குப் போகும். ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் கையைக் கழுவிவிட வேண்டியதுதான்.

பயப்பட வேண்டியது தொண்டையை அடைப்பவற்றுக்கு. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 3 செ.மீ. சொச்சம் அகலமுள்ள ஒரு குழலை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. டாய்லெட் பேப்பர் சுருளின் உள் அட்டை அதைவிடக் கொஞ்சம் பெரிது, வீட்டுச் சோதனைக்கு அது போதும். கூழாங்கல், கொட்டை, பாட்டில் மூடி, உடைந்த பலூன் துண்டு. அலங்காரத்துக்குக் கூழாங்கல் பரப்பிய பாதை இருந்தால் அதை அடைத்துவிடுங்கள். தின்பண்டம் உட்கார்ந்துதான், ஓடிக்கொண்டே தின்னக் கூடாது. இதில் நான் யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை.

அடுத்தது செடிகள். அரளியில் இலை, பூ, குச்சி எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. ஆமணக்கு விதை, குன்றிமணி, ஊமத்தை மூன்றும் தோட்டத்தில் இருக்கவே கூடாது. குன்றிமணியின் சிவப்பும் கருப்பும் எந்தக் குழந்தையின் கையையும் இழுக்கும், மென்றுவிட்டால் அதிலிருக்கும் அப்ரின் உயிரை வாங்கும். பெரிய புள்ளி இலைகளோடு தொட்டியில் வைக்கிறார்களே டைஃபன்பேக்கியா, அதைக் கடித்தால் ஊசி ஊசியான படிகங்கள் நாக்கையும் உதட்டையும் வீங்க வைக்கும். உங்கள் தோட்டத்தில் பெயர் தெரியாத செடி ஒன்று இருந்தால், பெயர் தெரியும்வரை வேலிக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

தின்றுவிட்டால்: வாயிலிருப்பதை எடுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள், செடியில் ஒரு கொத்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். என்ன செடி என்று சொல்ல முடிந்தால் அங்கே பாதி நேரம் மிச்சமாகும்.

மார்ச் 9, இரவு

மணல் தொட்டி விட்டுப்போயிற்று. விளையாடி முடித்ததும் மூடி போடுங்கள். பூனைக்கு அதைவிட வசதியான கழிப்பிடம் கிடையாது, பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருக்கக்கூடும். மூடியின் மேல் மழைநீர் தேங்கினால் அதையும் கொட்ட வேண்டும். மறுபடி 5 செ.மீ. கணக்கு வந்துவிட்டது பாருங்கள்.

மார்ச் 10

வெயில். பிளாஸ்டிக் சறுக்குமரமும் சுடும், உலோகம் மட்டும்தான் சுடும் என்றில்லை. உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் இன்றைக்கு வேண்டாம். காலை 10-க்கு முன், மாலை 4-க்குப் பின் என்று நேரத்தை மாற்றிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். சன்ஸ்கிரீன் ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு, எஸ்.பி.எஃப். 30, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தாகமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாத வயது. கேட்காமலே குவளையை நீட்டுங்கள்.

மார்ச் 12

கேள்வி கேட்டவர் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இதையெல்லாம் படித்த பிறகு பயம் கூடிவிட்டது."

பயம் கூட வேண்டியதில்லை. நான் இதுவரை எழுதியதெல்லாம் குழந்தைக்குத் தெரியாத ஆபத்துகள். ஆணி, கயிறு, வாளி, அரளி. ஒரு இரண்டு வயதுக் குழந்தை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் வாளி தன்னைக் கொல்லும் என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. அவற்றை நாம்தான் எடுக்க வேண்டும். ஆனால் மரக்கட்டையின் உயரம், சரிவின் வேகம், சேற்றின் வழுக்கல் இவையெல்லாம் குழந்தையின் கண்ணுக்கே தெரியும். அவற்றை விட்டுவைக்க வேண்டும். நார்வேயில் எலன் சாண்ட்செட்டர் என்ற ஆய்வாளர் 2007-ல் இப்படிப்பட்ட துணிச்சல் விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகே, கட்டிப் புரள்வது, கண்ணுக்கு மறைந்து போவது. 2024-ல் கனடாவின் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இந்த மாதிரி விளையாட்டு குழந்தைக்குத் தேவை என்று அறிக்கை வெளியிட்டது. நடைபழகும் வயதில் இந்த ஆறும் முழங்கால் உயரத்துக்குள் வந்துவிடும். "மறைந்து போவது" என்றால் புதருக்குப் பின்னால் ஒளிவது, உங்களுக்கு அவள் செருப்பு தெரிந்துகொண்டிருக்கும்.

நேற்று என்னிடம் உள்ள கடைக்குட்டி அந்த மரக்கட்டையின் மேல் ஏறினாள். ஒரு முட்டியை வைத்தாள், மற்ற காலைத் தூக்கினாள், பாதியில் நின்றுவிட்டாள். உதடு பிதுங்கியது. "பார்த்து, விழுந்துடுவ!" என்று கத்தியிருந்தால் என் பக்கம் திரும்பியிருப்பாள், திரும்பினால்தான் விழுவாள். பக்கத்தில் போய்க் கையை அவள் முதுகில் வைக்காமல், வைக்கிற தூரத்தில் வைத்துக்கொண்டு, "அந்தக் கால எங்க வைக்கப் போற?" என்று கேட்டேன். கீழே பார்த்தாள். மரப்பட்டையில் ஒரு புடைப்பு இருந்தது, கட்டைவிரலால் அதைத் தடவிப் பார்த்தாள், பாதத்தை அழுத்தினாள், ஏறிவிட்டாள். மேலே நின்று தனக்குத் தானே கை தட்டிக்கொண்டாள்.

"பார்த்து" என்ற சொல்லை நான் இப்போது அதிகம் பயன்படுத்துவதில்லை. எதைப் பார்க்க வேண்டுமோ அதைச் சொல்கிறேன். "அங்க ஈரமா இருக்கு." "ரெண்டு கையாலயும் பிடி." "பின்னாடி தம்பி நிக்கிறான்."

மார்ச் 15

எல்லாரும் விளையாட்டு நேரத்தைப் பற்றியே கேட்கிறீர்கள். இத்தனை வருடம் இதைச் செய்த பிறகு எனக்கு மிகப் பெரிய கவலை விளையாட்டு நேரம் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள சில நிமிடங்கள்தான்: கதவைத் திறந்து வெளியே வரும் நேரம், உள்ளே போகும் நேரம், பெற்றோர் வந்து அழைத்துப்போகும் நேரம்.

ஒரு மாலை, தாத்தா ஒருவர் பேரனை அழைத்துப்போக வந்தார். நல்ல மனிதர். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர் பேரனைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே நின்றார். கேட் அவருக்குப் பின்னால் ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளியைப் பார்த்தது நானும் இரண்டரை வயதுப் பையன் ஒருவனும்தான். அவன் ஓடவில்லை, மெதுவாக நடந்தான். யாரும் கவனிக்காத நேரத்தில் அவர்கள் ஓட மாட்டார்கள், நடப்பார்கள். கேட்டுக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன்.

அன்றிலிருந்து அழைத்துப்போகும் நேரத்துக்கு அரை மணி முன்பே எல்லாரும் உள்ளே. வெளிக்கதவில் தானாக மூடும் ஸ்பிரிங், தாழ்ப்பாள் பெரியவர் தோள் உயரத்தில். வாங்கிக்கொள்ள வரும் பெரியவர் குழந்தையின் கையைப் பிடித்த பிறகுதான் "இப்போ உங்க பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்வேன். அதுவரை என் பொறுப்பு. "அம்மா வந்தாச்சு" என்று நானும் "டீச்சர் இருக்காங்க" என்று அம்மாவும் நினைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தை யாருடைய பொறுப்பிலும் இல்லை.

இதோடு சேர்த்துத்தான் வண்டி. பின்னுக்கு எடுக்கும் வண்டியின் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் குழந்தை தெரியவே தெரியாது, அவ்வளவு குள்ளம். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதிய கார்களில் பின்பக்க கேமரா கட்டாயம் என்று வந்ததற்குக் காரணமே இந்தச் சாவுகள்தான். பல நேரங்களில் ஓட்டியவர் அந்தக் குழந்தையின் சொந்தக்காரர். கேமரா இருந்தாலும் நம்ப வேண்டாம். வண்டி நகரும்போது எல்லாக் குழந்தைகளும் கதவுக்கு உள்ளே, எண்ணி முடித்த பிறகு நீங்கள் கை காட்டினால்தான் வண்டி எடுக்க வேண்டும். பெற்றோர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

மார்ச் 15, பிற்சேர்க்கை

வெளியே வரும்போது: நான் முதலில், குழந்தைகள் பிறகு. உள்ளே போகும்போது: குழந்தைகள் முதலில், நான் கடைசி. கதவை மூடும் முன் எண்ணிக்கை, மூடிய பின் மறுபடி எண்ணிக்கை. கடைசியாக ஒருமுறை தோட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். சறுக்குமரத்தின் அடியில் ஒருவர் எப்போதும் ஒளிந்திருப்பார்.

மார்ச் 19

"அக்கா, எனக்கே பாத்ரூம் போக வேண்டியிருந்தால்?" என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். தயங்க வேண்டியதே இல்லை, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. தனியாக இருந்தால் எல்லாரும் உள்ளே. ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்ற வேண்டுமென்றாலும் எல்லாரும் உள்ளே. அழுவார்கள், அழட்டும். அதனால்தான் வெளியே போவதற்கு முன் டயப்பர், தண்ணீர், பாத்ரூம் மூன்றையும் முடித்துவிட்டுப் போகிறேன். நான் உட்பட.

தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தாலோ அட்டையாலோ வழித்து எடுங்கள், எப்படி எடுக்கிறீர்கள் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். முகம் வீங்கினாலோ மூச்சு இரைந்தாலோ ஆம்புலன்ஸ். தொண்டை அடைப்புக்கும் நெஞ்சழுத்த முதலுதவிக்கும் எழுத்தில் படித்தால் போதாது. பொம்மையை வைத்து நேரில் பயிற்சி எடுங்கள், ஒரு வயதுக்குக் கீழே ஒரு முறை, மேலே வேறு முறை. உங்கள் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்து.

மார்ச் 24

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அத்தை காலை நேரத்துக்கு வந்து உதவுகிறார், வெளியே போக ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் வீட்டு நாய் சாது, அதைக் கட்ட வேண்டுமா?

வேண்டும். கட்டுவதைவிட வேறு அறையில் விடுவது நல்லது, கட்டிய நாய்க்கு விலகிப்போக வழியில்லை. சாதுவான நாயின் வாலைத்தான் குழந்தை இழுக்கும்.

அத்தையிடம் அந்த "ஊஞ்சல் என்னுது, மணல் உன்னுது" பழக்கத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டால் பிறகு சொல்லவே முடியாது.

ஏப்ரல் 2

முட்டி சிராய்த்துவிட்டது, அம்மா என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது என்கிறீர்கள். அழைத்துப்போக வரும்போது அவர் கண்ணில் தானாகப் படும்படி விடாதீர்கள். கழுவிக் கட்டுப் போட்டதும் ஒரு செய்தி அனுப்புங்கள்: எத்தனை மணிக்கு, எங்கே, எதிலிருந்து விழுந்தாள், என்ன செய்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறாள். "சின்ன அடிதான்" என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அதை அவர் பார்த்து முடிவு செய்யட்டும். தலையில் அடிபட்டால் செய்தி போதாது, போன் செய்யுங்கள். வாந்தி, அசாதாரணத் தூக்கம், நிற்காத அழுகை இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விட்டுப் பேசுங்கள்.

ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எனக்கு அந்த நோட்டால் வேறொரு பயன் கிடைத்தது. ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே இடத்தில் விழுந்ததாக எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால் மரத்தின் வேர் ஒன்று மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வந்திருந்தது. சுற்றிலும் மண் நிரப்பி மேடாக்கினேன். நீங்களும் மாதம் ஒருமுறை நோட்டைப் புரட்டி, எந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.